நடு விலை

நான் எழுதுவதை மனிதர்கள் யாரும் படிப்பதில்லை. காரைக்காலில் ஒரு மாடி போர்ஷனில் உட்கார்ந்துகொண்டு, பங்கு விலை, தங்க விலை, வெளிநாட்டுப் பணத்தின் மாற்று விலை எல்லாம் எடுத்துத் தரும் ஒரு கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுதுகிறேன். அதைப் படிப்பவை ஏஐ ஏஜெண்டுகள். நீங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டால், ஏஜெண்ட் என் குறிப்பைப் பார்த்துத்தான் எந்த விலையை எடுப்பது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளும். மனிதன் என்றால் புரியாத இடத்தில் போன் பண்ணித் திட்டுவான். இது திட்டாது. பெண் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி, எல்லாம் புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு, கேட்டவரிடம் கணீரென்று எதையாவது சொல்லிவிடும். அதனால் அந்த வாசகர்மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

சந்தேகத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிடுபவர் கீழ்வீட்டில் இருந்தார். வீட்டுக்கார அம்மா. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பில் சரிபார்த்தே ஓய்வு பெற்றவர். நான் குடிவந்த அன்று, எனக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் கரண்ட் மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். மாதா கோயிலில் உண்டியல் எண்ணுபவர்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய மூத்த மகன் பிரான்சில். ஊருக்கு வந்து போகும்போதெல்லாம் அம்மா கையில் யூரோ நோட்டுகளைத் திணித்துவிட்டுப் போவார். அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டி, செலவுக்கு வேண்டியபோது ஒன்றிரண்டு எடுத்துக் கொடுப்பார். டவுனில் உள்ள கடையில் மாற்றி வருவது இளைய மருமகளின் வேலை. அவள் காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் போடுபவரின் மகள். இளையவர் தானாகப் பார்த்து, பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட பெண். அந்தக் கோபம் அம்மாவுக்கு ஆறவே இல்லை. “ஏலம் போட்ட வீட்டுப் பொண்ணுக்குக் கணக்கு சொல்லியா குடுக்கணும்?” என்பார், அவள் காதில் விழும்படி.

எங்கள் நிறுவனம், கருவியின் வெள்ளோட்டத்துக்காக ஒரு செயலியைக் கொடுத்து, தெரிந்தவர்கள் போனில் போட்டுப் பார்க்கச் சொன்னது. நான் வீட்டுக்கார அம்மாவின் போனில் போட்டேன். அவரைவிடக் கறாராகச் சோதிக்க இந்த ஊரில் ஆள் கிடையாது. அவருக்கும் அது பிடித்துப்போனது. “இதுக்கு மாமனும் இல்ல மச்சானும் இல்ல. யாருக்குப் பயந்து பொய் சொல்லப்போவுது?” என்றார்.

ஒரு நாள் மருமகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, யூரோ என்ன விலை என்று போனைக் கேட்டிருக்கிறார். அவள் கொண்டுவந்த பணம் போன் சொன்னதைவிடக் குறைவு. நான் படியில் இறங்கும்போது கூடத்தில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

“ரசீது இருக்குங்க அத்தை.”

“ரசீது அவன் எழுதிக் குடுக்குறதுதானே. உனக்கும் அவனுக்கும் என்ன ஏற்பாடோ!”

அவள் அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிற்று. அவளைத் திருடி என்று சொல்லாததுதான் பாக்கி. உடனே மேலே போய், கருவியைச் செய்த பொறியாளரைக் கூப்பிட்டேன். இந்த யூரோ விலை வாங்கும் விலையா, விற்கும் விலையா?

“ரெண்டும் இல்லங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள விலை.”

“அந்த விலைக்கு யார் குடுப்பா?”

“யாரும் குடுக்க மாட்டாங்க. ஒரு மதிப்புக்காகத்தான்.”

உலகத்தில் ஒருவரும் கொடுக்காத விலையை, இன்றைய விலை என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நான் குறிப்பில் சேர்த்தேன்: இது நடு விலை. நோட்டாகக் கொடுத்து மாற்றினால் கைக்கு வருவது இதைவிடக் குறைவாகவே இருக்கும். இதைக் கேட்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புதிய குறிப்பு செயலிக்குப் போனதும் ஓடிப்போய், அம்மாவை மறுபடி கேட்கச் சொன்னேன். மருமகள் அடுப்படி வாசலில் நின்றாள். போன், நான் எழுதியதைச் சொல் பிசகாமல் சொன்னது. கருவிக்குக் குறிப்பு எழுத வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அம்மா போனைத் திருப்பிப் பார்த்தார். “போன வாரம் இப்புடிச் சொல்லலையே. யாரு மாத்துனா?”

“நான்தாம்மா. என் வேலையே அதுதானே.”

அவர் என்னைப் பார்த்தார், அடுப்படி வாசலைப் பார்த்தார். சாயங்காலம் நானும் மருமகளும் மொட்டைமாடியில் டீ குடிப்பது அவருக்குத் தெரியும்.

“அதானே பார்த்தேன்” என்று போனைக் கவிழ்த்து வைத்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். இயந்திரம் தானாகச் சொன்னது என்று இருந்திருந்தால் நம்பியிருப்பார். பின்னால் ஓர் ஆள் இருக்கிறாள், அதுவும் மாடியில் இருக்கிறாள் என்றதும் அதற்கும் மாமன் மச்சான் வந்துவிட்டார்கள்.

அடுத்த முறை நோட்டு இளைய மகன் கையில் போனது. நான் வாடகை கொடுக்கக் கீழே போயிருந்தேன். மருமகள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த மகன் பணத்தை நீட்டினார். யூரோ விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் வாங்கிவந்த அதே கணக்குதான்.

“அவ்ளோதாம்மா தர்றான்” என்றார்.

அம்மா ரசீதைக்கூடப் பார்க்கவில்லை. “நோட்டா குடுத்தா கொஞ்சம் கம்மியாத்தான்டா வரும். தெரிஞ்சதுதானே” என்று சொல்லி, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டார்.

மருமகள் மடித்த சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“கேட்டீங்களாக்கா,” என்றாள் என்னிடம், “அத்தைக்குத் தெரியுமாம்.”