எலுமிச்சைக்கு மேல் உருண்ட கார்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மழைக்காலத்தில்தான் நான் முதன்முதலாக மலேசியாவின் கேமரன் மலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி குணா கார்ப் பந்தயம் ஓட்டிப் பிழைத்தவன். நான் அவனுடைய மெக்கானிக். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அதை ஓட்டி முடித்தால் அடுத்த ஆண்டு முழுவதற்கும் ஒப்பந்தம் தருவதாக ஒரு டயர்க்கடை முதலாளி சொல்லியிருந்தார். நான் எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்டவன், ஒரு விரலால்தான் தட்டுகிறேன். ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லைத் தட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாக இருக்கிறது!

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் உள்ள தாப்பாவிலிருந்து புறப்பட்டோம். மலைமேல் தானா ராத்தா ஊர் வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பந்தயக் காரை லோரியில் ஏற்றியிருந்ததால் மூன்று மணி நேரம் பிடித்தது. வளைவுக்கு வளைவு மேலேயுள்ள திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரிகள் எதிரே இறங்கின. வழியோரப் பலகைகளை அன்று எனக்குப் படிக்கத் தெரியாது. நல்லதாகப் போயிற்று. பாதிக்கு மேல் மண்சரிவு எச்சரிக்கை என்று ஊர் திரும்பும்போது குணா சொன்னான்.

என் பயம் சாலையைப் பற்றியது மட்டுமல்ல. முதல் நாள் காரின் பிரேக் பம்பு கசிந்தது. வேறொன்று வாங்கி மாட்டியிருந்தேன். பட்டறையில் நின்றபடி மிதித்தபோது கெட்டியாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்க்க வழியில்லை. பந்தயத்துக்கு முந்தைய ஒரு வாரம் எந்தக் குழுவும் பொதுச் சாலையில் காரைச் சோதிக்கக் கூடாது என்பது விதி. காசுள்ளவர்கள் மலையிலேயே கிடந்து ஓட்டிப் பழகிவிடக் கூடாது, எல்லாரும் சமம் என்பதற்காக வந்தது அது. ஆனால் கோலாலம்பூர்க் குழுவுக்குச் சொந்த ஓடுதளம் இருந்தது. எங்களுக்குப் பொதுச் சாலையை விட்டால் வேறு இடம் இல்லை.

அன்று மதியமே பந்தய அதிகாரிகள் காரின் எஞ்சின் மூடியில் கம்பி கட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு திறக்கவும் கூடாது, ஓட்டவும் கூடாது. பந்தயம் தொடங்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். நாங்கள் டவுனில் பன்னிரண்டு வெள்ளி வாடகைக்கு அறை எடுத்தோம். தோட்டத்துக் கங்காணி ரத்தினம் எங்களுக்குத் தெரிந்தவர். காரைத் தோட்டத்துக் கோயில் வாசலில் நிறுத்த அவர்தான் இடம் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பூசை. புது வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து நசுக்குவது எல்லா ஊரிலும் உண்டு. அந்தக் கோயிலில் இன்னொரு வழக்கமும் இருந்தது.

“ஓட்டுறவன் காருக்கு முன்னால நின்னு கும்பிடணும்,” என்றார் கங்காணி. “வேற ஆள் உருட்டணும்.”

“எஞ்சின் போடக் கூடாதுண்ணே,” என்றேன்.

“எதுக்குலா எஞ்சின்? வாசல் சரிவுதான். கால எடுத்தா தானா உருளும்.”

குணா நான்கடி முன்னால் நின்று கண்ணை மூடிக் கைகூப்பினான். பின்னால் பூசாரி கற்பூரத் தட்டுடன் நின்றார். பனியில் மலை தெரியவில்லை. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். எலுமிச்சை நசுங்கியது. மிதித்தேன். கால் தரை வரைக்கும் போனது. கார் நிற்கவில்லை. கைப்பிரேக்கைத் தேட நேரமில்லை, மறுபடி மிதித்தேன். பிடித்தது. குணாவின் முழங்காலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அவன் கண் திறந்து சிரித்தான். நான் கைப்பிரேக்கை இழுத்தேன்.

கோலாலம்பூர்க் குழுவின் மேனேஜர் சாலையிலிருந்து இதைப் பார்த்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் புகார் போய்விட்டது. தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் விசாரணை. படியேறும்போதே குணாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ரெண்டாவது மிதில பிடிச்சிச்சில்ல? நான் பாத்துக்குவேன். பூசைன்னு மட்டும் சொல்லு, மச்சான்.”

“கீழ பள்ளம்டா. ரெண்டாவது மிதிக்கு எங்க நேரம்?”

“இதுவும் போச்சுன்னா நான் வாடகை வண்டிதான் ஓட்டணும்.”

உள்ளே போனதும் மேனேஜர் எழுந்தார். “முத்திர வெச்ச கார உருட்டி பிரேக் பாத்திருக்காங்க. இது டெஸ்டிங்தான்.”

“நேத்து வரைக்கும் ஒங்க சொந்த டிராக்ல ஓட்டுனது என்னாவாம்?” என்று குணா கத்தினான்.

“எங்க எடத்துல ஓட்டுனோம். விதி ரோட்டப் பத்தித்தானே, தம்பி.”

“நாங்களும் கோயில் வாசல்லதான் உருட்டுனோம்!”

நடுவர் நரைத்த தலைக்காரர், தமிழர். மேனேஜரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார். “சாமி காரியம்னா நான் தடுக்க மாட்டேன். உருட்டுனது நீங்கதானே? பூசையா, டெஸ்டிங்கா?”

குணா மேசைக்கடியில் என் காலை அழுத்தினான். பூசை என்றால் அவன் நாளை அந்த பிரேக்கோடு இறங்குவான். முத்திரையை உடைத்துப் பழுது பார்த்தாலும் நீக்கம்தான். அவன் அக்காவின் முகம் என் கண்முன் வந்தது.

“பூசைக்குத்தான் உருட்டுனோம், ஐயா. ஆனா மிதிச்சப்ப பிரேக் பிடிக்கல. அது எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த கார் எறங்கக் கூடாது.”

எங்களை நீக்கிவிட்டார்கள். மேனேஜர் தன் தொப்பியை எடுத்துக்கொண்டார். ஞாயிறன்று பனிக்குள் மற்ற கார்கள் இறங்கும் சத்தத்தைக் கோயில் வாசலில் இருந்தே கேட்டோம். எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள். குணா என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அவனே போய் முத்திரைக் கம்பியை வெட்டினான். காருக்குள் உட்கார்ந்து மிதித்தான். பிடிக்கவில்லை. இரண்டாவது மிதியிலும் பிடிக்கவில்லை. மூன்றாவதிலும் பிடிக்கவில்லை. வெகுநேரம் வெளியே வராமல் இருந்தான். வந்து, “அக்காகிட்ட சொல்லாத, மச்சான்,” என்றான்.

அந்த மலைக்குப் போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. மதியத்துக்கு மேல் பனியும் மழையும் வரும், காலையிலேயே இறங்குங்கள். கியரைக் குறைத்து வையுங்கள். தானா ராத்தாவிலிருந்து புறப்படும் முன் சமதரையில் பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பாருங்கள். உங்களைத் தடுக்க விதி எதுவும் இல்லை.

குணா வாடகை வண்டி ஓட்டித்தான் மூன்று பிள்ளைகளை வளர்த்தான். நானும் வாக்குத் தவறாமல் இத்தனை வருடம் அவன் அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அவளும் என்னோடு முதியோர் வகுப்பில்தான் எழுத்துப் படித்தாள். என்னைவிட வேகமாகப் படிப்பாள். இதைப் படித்ததும் இன்றைக்கு வீட்டில் எனக்கும் குணாவுக்கும் திட்டு இருக்கிறது.