சுழலாத உட்கருவும் சிந்திய பொடியும்

ஆய்வகத்தில் அவளுக்குப் படிகக்காரி என்று பெயர். அவள் வளர்க்கும் படிகங்களில் ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனிக் காந்தம். மேலே பார் என்று திருப்பி வைத்தால் பார்க்கும். ஆனால் எத்தனை குளிரில் வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் கீழே திரும்பிவிடும். நடுவில் இருக்கும் ஆற்றல் சுவரை அது ஏறித் தாண்டுவதில்லை. குவாண்டம் விதிப்படி, சுவருக்குள்ளேயே புகுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. உள்ளிருந்து அதற்குக் கதவு திறந்துவிடுவது உலோக அணுவின் உட்கரு என்பது அவள் சந்தேகம். உட்கரு சுழல்வதால் அதுவும் ஒரு குட்டிக் காந்தம்தானே!

அதே உலோகத்தில் சுழற்சியே இல்லாத உட்கரு கொண்ட அணுக்களை (ஐசோடோப்பு) மட்டும் பிரித்தெடுத்துப் படிகம் வளர்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேறோர் ஆய்வகத்திடம் கெஞ்சிக் கூத்தாடி அப்படிப் பிரித்த உலோகத்தின் ஆக்சைடு, ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி வாங்கினாள். எடை போடும்போது முழங்கை பட்டுக் குப்பி கவிழ்ந்தது. மேசையிலும் தரையிலும் பொடி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எதிர் மேசைக்காரியைச் சிடுமூஞ்சி என்பார்கள். உலையை யார் முதலில் எடுப்பது என்று ஒருமுறை சண்டை வந்ததிலிருந்து இருவரும் முகம்கொடுத்துப் பேசியதில்லை. அவள்தான் முதலில் எழுந்து வந்தாள்.

“நகராதே. செருப்புல ஒட்டிக்கும். யாரும் கதவைத் திறக்காதீங்க!”

“எல்லாம் போச்சுக்கா.”

“எங்கடி போகும்? இந்த ரூமுக்குள்ளதானே கிடக்கு. அழாதே, கண்ணீர் விழுந்தா உப்பு வேற கலந்துடும்.”

அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது படிகக்காரிக்கு.

இருவரும் மண்டியிட்டு, அமிலத்தில் நனைத்த வடிதாளால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தார்கள். செருப்பின் அடியைக்கூட விடவில்லை. தாள்களை அலசி, தூசியை வடிகட்டி, உலோகத்தை மட்டும் வீழ்படியவைத்தார்கள். உலையில் சிடுமூஞ்சியின் சொந்த வேலை காத்திருந்தது. அதை அவளே எடுத்து ஓரம் வைத்துவிட்டு இதைச் சுட்டாள்.

முக்கால்வாசி திரும்பக் கிடைத்தது. சாதாரண உலோகம் கலந்துவிடவில்லை என்று சோதித்த பிறகே படிகம் வளர்த்தார்கள். திரவ ஹீலியக் குளிரில் காந்தப்புலத்தைப் பூஜ்யமாக்கினால், பழைய படிகத்தின் காந்தம் சடாரென்று விழும். புதியது நின்று நிதானமாக, கொஞ்சமே இறங்கியது. திருப்பி வைத்த திசை முன்னைவிடப் பல மடங்கு நேரம் நிலைத்தது. சுவரைத் துளைப்பது அடியோடு நிற்கவில்லை. பக்கத்து மூலக்கூறுகளின் தொந்தரவு இருக்கவே செய்தது. ஆனாலும் உட்கருவின் பங்கு பளிச்சென்று தெரிந்துவிட்டது.

படிகக்காரி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரையும் பார்த்ததும் சிடுமூஞ்சி முறைத்தாள்.

“தரை துடைச்சதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?”

“நீங்க துடைக்கலைன்னா எழுதறதுக்கு என்னக்கா இருந்திருக்கும்?”

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, பாதியை மூடியில் வைத்து இவள் பக்கம் தள்ளினாள். படிகக்காரி வயிறும் மனசும் நிறையச் சாப்பிட்டாள்.