கல்லறைத் தோட்டத்து நீல நாற்காலி

எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம், கால் உடைந்த நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று செங்கல் முட்டோடு நிற்கிறது. அதில் முதலில் உட்கார்ந்தவர் தொல்லியல் கண்காணிப்பாளர். தோட்டத்துக்குள் மழைநீர் வடிகால் தோண்டினார்கள். ஒரு மூலையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருப்பதால், பழைய பொருள் ஏதாவது தட்டுப்பட்டால் பொக்லைனை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு அவரை அனுப்பியிருந்தார்கள். அவர் கையைத் தூக்கினால் வண்டி நிற்க வேண்டும். அந்தக் கையை அவர் பெரும்பாலும் வடை எடுக்கத்தான் பயன்படுத்தினார்.

ஒருநாள் மட்டும் துள்ளி எழுந்தார். டச்சுக்காரன் எவனோ புகைத்துவிட்டு எறிந்த மண் சுங்கானின் துண்டு கிடைத்திருந்தது. அன்று முழுக்க வேலை நின்றது. அதைத் தூரிகையால் துடைத்துப் பஞ்சில் படுக்கவைத்துப் படமெடுத்தார். எங்களை எட்டி நிற்கச் சொன்னார். எவனோ எச்சில் பண்ணிப் போட்டதற்கு அத்தனை மரியாதையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு வடிகால் சுவர்ப்பக்கம் திரும்பியது. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளை எங்கள் ஊரார் புதைத்தது அங்கேதான். சிலுவை நடும் வழக்கமில்லை. ஏரியில் அள்ளிய கிளிஞ்சலை மேலே பரப்புவதோடு சரி. எனக்கு முன் பிறந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்ட அண்ணன் அங்கே இருக்கிறான். கண்காணிப்பாளர் கிளிஞ்சலைச் செருப்பால் தள்ளிப் பார்த்து, சுண்ணாம்புக் காளவாய்க் கழிவு என்று முடிவு கட்டினார். அம்மா ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். வருத்தப்படுவதுபோல் நடிக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை.

“நாப்பது வருஷம்தானம்மா ஆகுது? நூறு வருஷமாவது ஆனாத்தான் எங்க வேலை” என்றார்.

அண்ணன் இறந்ததில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இன்னும் முன்னாலேயே இறக்காததுதான் குறை.

பதில் சொன்ன களைப்பில் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். அம்மா அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கிளிஞ்சலின் மேல் போட்டு, பொக்லைனைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இதைத் தாண்டி வண்டி வரக்கூடாது என்று ஓட்டுநரிடம் சொன்னாள். அவன் எஞ்சினை அணைத்தான். திரும்பி வந்தவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நாற்காலி போய்விட்டதே என்று. அம்மா பொழுது சாயும்வரை எழவில்லை. மறுநாள் வடிகாலை வளைத்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் அவர் கல்லூரி மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். வடிகாலின் வளைவைக் காட்டி, அங்கே டச்சுக் காலத்து அஸ்திவாரம் இருப்பதாகவும், தாமே வேலையை நிறுத்தி அதைக் காப்பாற்றியதாகவும் அளந்துகொண்டிருந்தார். பொய் சொல்லும்போதுகூட அந்த மனிதருக்கு டச்சுக்காரன்தான் வேண்டியிருந்தது. வெயில் தாளாமல் உட்கார இடம் தேடியவரின் கண்ணில், கிளிஞ்சலின் மேல் கிடந்த நீல நாற்காலி பட்டது. அதில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

“நின்னுக்கினே சொல்லு நைனா” என்றாள். “என் புள்ளயும் கேட்டுக்கினு கீறான்.”