நான்கு நிமிட டப்பா

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், மருந்து பாட்டில்களுக்கு மூடி தயாரிக்கும் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஒரு நாளிதழில் பகுதிநேர நிருபர். இரண்டு வேலையிலும் மாறாமல் இருந்தது, சாயங்காலமானால் சாலிடரிங் கம்பியை எடுத்துக்கொண்டு உட்காரும் பழக்கம். 555 என்றொரு டைமர் சிப் உண்டு. எட்டுக் கால், சுண்டுவிரல் நகம் அளவு. அதை வைத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம், படிக்கட்டுக்குத் தானாக அணையும் விளக்கு எல்லாம் செய்திருந்தேன்.

பேக்கிங் பிரிவு சூப்பர்வைசருக்கு இது தெரியும். அவரிடம் காண்ட்ராக்டில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே கழிப்பறை. உள்ளே போய் போன் பார்க்கிறார்கள் என்பது அவர் புகார். நான்கு நிமிடம் தாண்டினால் வெளியே தெரிகிற மாதிரி ஏதாவது செய்து தர முடியுமா என்றார். ஏன் நான்கு என்று நான் கேட்கவில்லை. நிருபராக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

இரண்டு மாலைகளில் முடித்தேன். கதவைச் சாத்தினால் பச்சை விளக்கு, நான்கு நிமிடம் ஆனதும் சிவப்பு. கதவைத் திறக்கும்வரை சிவப்பு அணையாது. சூப்பர்வைசர் மேசைக்கு நேர் எதிரே டப்பாவை மாட்டினேன். சிவப்பு எரிந்தபின் வெளியே வருகிறவளின் பெயர் நோட்டில் ஏறும். ஒரே வாரத்தில் மூன்று முறை ஏறினால் காண்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவார்.

"உள்ள இன்னா, பங்களா கட்டிக்கினு இருந்தியா?" என்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிக்காதவள் அவர் கண்ணில் படுவாள்.

டப்பாவில் ஒரு தவறு இருந்தது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கெபாசிட்டரை அதில் போட்டிருந்தேன். கெபாசிட்டரில் மின்சாரம் நிரம்புவதை வைத்துத்தான் சிப் நேரத்தை அளக்கிறது. பழசு சூடானால் கசியும், கசிந்தால் நிரம்பத் தாமதமாகும். தகரக் கூரைக்குக் கீழே, சித்திரை வெயிலில், பிற்பகல் மூன்று மணிக்கு நான்கு நிமிடம் பதினொன்றாக நீண்டது. அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும் ஒரு பெண்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும், சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை. நீலக் கோட்டின் மார்பில் ஈரத் தடம் இருந்தது. பார்த்துவிட்டு ஃபியூஸ் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணா, மூணு மணிக்கு மேல அந்த லைட்டு லேட்டாதான் எரியுது. அத அப்டியே உட்டுடுண்ணா."

ஏன் என்றேன். தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி.

"ஊட்ல மூணு மாசக் கொயந்த கீது. இங்க யாருக்கும் தெரியாது. பால் கட்டிக்கினா ஜொரம் வருது. பீச்சி உட பத்து நிமிசம் ஆவுது."

கைக்குழந்தை இருப்பவர்களைக் காண்ட்ராக்டர் எடுப்பதில்லை. மறைத்துச் சேர்ந்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் வரிசை நிற்கும், கதவைத் தட்டுவார்கள். அந்த வாரம் காலை நேரத்தில் போய் இரண்டு முறை பெயர் ஏறிவிட்டது. இன்னும் ஒன்று ஏறினால் வேலை போய்விடும்.

"பாக்கறேன்" என்றேன். அதிகாரிகள் சொல்லக் கேட்டு நான் பலமுறை செய்தியில் எழுதிய சொல்.

புதன் கழிந்தது. வியாழன் மதியம் சூப்பர்வைசர் தன் போனில் நேரம் பார்த்திருக்கிறார். கேன்டீனில் எல்லாருக்கும் நடுவில் கேட்டார்.

"இன்னா தலைவரே, மத்தியானமானா உன் டப்பா குட்டித் தூக்கம் போடுது? பேப்பர்ல எழுதுனவன் செஞ்சது, நேரத்துக்கு எங்க வரும்."

மேசையில் இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள். வெயிலில் அப்படித்தான் இருக்கும், சரிசெய்ய முடியாது என்று நான் சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேச அந்த ஆலையில் யாருக்கும் விஷயம் தெரியாது. கெபாசிட்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு, கசியாத புது கெபாசிட்டரைப் போட்டு மூடினேன். பேக்கிங் மேசையிலிருந்து அவள் பார்த்தாள். அவளிடம் சொல்லப் பத்தடி நடந்தால் போதும். நடக்கவில்லை. டப்பாவைத் துடைக்கத்தான் திறந்தேன் என்று அவள் நினைத்திருக்கலாம்.

மூன்று மணிக்குச் சோதித்துப் பார்ப்போம் என்று சூப்பர்வைசர் வந்து நின்றார். மூன்று ஐந்துக்கு அவள் உள்ளே போனாள். பச்சை எரிந்தது. குழாய் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. நான் கைக்கடிகாரத்தின் நொடி முள்ளை மட்டும் பார்த்தேன். அந்த வெயிலிலும் நான்கு நிமிடத்தில், ஒரு நொடி பிசகாமல், சிவப்பு எரிந்தது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். சூப்பர்வைசர் என் முதுகில் தட்டினார்.

கதவு திறந்தபோது பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் பங்களா கேள்வியைக் கேட்டார். பெண்கள் சிரித்தார்கள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமாக. அவள் கோட்டின் பொத்தானைப் போட்டபடி டப்பாவைப் பார்த்தாள், பிறகு என் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை.

"இப்போ கரெக்டா எரியுதாண்ணா?"

"எரியுது" என்றேன்.

திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து மூடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே சூப்பர்வைசர் ஆண்கள் கழிப்பறைக்கும் ஒரு டப்பா கேட்டார். செய்துகொடுத்தேன். அதற்கு முதலிலேயே புது கெபாசிட்டர் போட்டுவிட்டேன்.