பிளக்கைத் தட்டிய அன்று

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

சேலையூரில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் கூட்டித் துடைக்கிறேன். அங்கே சுமதி மேடம், தகவல்களைச் சேமிக்கும் ஒரு புரோகிராமைப் புதிய சிஸ்டத்தில் ஓடும்படி மாற்றிக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடப் போனபோது, என் கால் பட்டு கம்ப்யூட்டரின் பிளக் கழன்றுவிட்டது. யாரும் பார்க்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தாலும், வந்ததும் சொல்லிவிட்டேன்.

அவர் பிளக்கை மாட்டித் திரையைப் பார்த்தார். "அண்ணா, இந்தப் புது சிஸ்டம் எழுதி வெச்சிட்டேன்னு சொன்ன தகவல் எதுவுமே உள்ள இல்ல! பழைய சிஸ்டத்துல இப்படி ஆகாது. நல்லவேளை, இந்தக் கோளாறு இப்பவே தெரிஞ்சுது. இன்னொரு தடவ புடுங்குங்க, இப்ப கையாலயே!"

பதினோரு முறை பிடுங்கினேன்; ஒவ்வொரு முறையும் அதே கதைதான்.

"எழுதாமலே ஏன் மேடம் எழுதிட்டேன்னு சொல்லுது?"

"வேகமா வேலை செய்யற மாதிரி காட்டிக்கத்தாண்ணா."

இந்த அனுபவத்தை எழுதச் சொல்லி மேடம் கேட்டபோதெல்லாம், எழுதிவிட்டதாக நானும் அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். உண்மையில் எழுதியது இன்றுதான், தை மூன்றாம் தேதி.