நான் அடிக்காத கோல்

போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

எழுதுவதற்காக என்று நினைத்துவிடாதீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற நீங்கள் அந்தத் தப்பைச் செய்ய மாட்டீர்கள். சால்வை போட்டது ஃபுட்பாலுக்காக... அதுவும் ஒரு கல்யாண ரிசப்ஷனில்.

இடம், கடத்தூரில் ஒரு மண்டபம். மாப்பிள்ளை என் நண்பன் மாதையனின் பேரன். நானும் மாதையனும் இண்டூர் பக்கம் ஒரே ஊர், ஒரே வயது, ஒரே டீம். மைக் கிடைத்தால் அவன் என்ன பேசுவான் என்பது எனக்கு மனப்பாடம். அதனால்தான் கடைசி வரிசையில் ஃபேனுக்கு அடியில் பதுங்கி உட்கார்ந்திருந்தேன். விட்டானா? ஆள் அனுப்பி மேடைக்கு இழுத்துவிட்டான்.

"இவன் பேரு சவரிமுத்து. அன்னிக்கு பெங்களூருல கோலை இவன் அடிச்சிருந்தா வேலை இவனுக்குங்க. எங்க வூட்டு நெலமையை நெனச்சுப் பந்தை எனக்குத் தள்ளிவிட்டான். இன்னிக்கு நாங்க சோறு திங்கறோம்னா அதுக்கு இவன்தாங்க காரணம்."

கைதட்டல். சால்வை. மாதையனின் தங்கை மேடையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க விட்டுக் குடுக்கலைன்னா எங்களுக்கெல்லாம் கல்யாணம் ஏதுங்கண்ணா?" என்றார். கண் கலங்கியிருந்தது. கீழே என் மனைவி ஆரோக்கியமேரி பக்கத்து நாற்காலிக்காரியிடம் "எங்க வூட்டுக்காரரு" என்று சொல்வது உதட்டசைவிலேயே தெரிந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது அடக்கம் இல்லை, வெட்கம். ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு தப்பான தகவலைத் திருத்தாமல் விட்டவனின் வெட்கம்.

நடந்ததை இப்போது உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒரு கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் ஊர் மாதா கோயில் பங்குச் சாமியார் பெங்களூர் போய் வந்தபோது ஒரு லெதர் பந்து வாங்கி வந்தார். பையன்கள் ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருவார்கள் என்பது அவர் கணக்கு. பூசைக்கு வந்தார்களோ இல்லையோ, பந்துக்கு எல்லோரும் வந்தார்கள். வேதக்காரப் பையன்கள், மாரியம்மன் கோயில் தெருப் பையன்கள் என்ற வித்தியாசமே இல்லை. மாதையன் அந்தத் தெரு. நான் இந்தத் தெரு.

மைதானம் கோயிலுக்குப் பக்கத்தில்தான். ஆனால் சரிவு. மேலே கோயில் சுவர், கீழே கிணறு. ஏற்றம் இறைக்கிற பெரிய கிணறு, கைப்பிடிச் சுவர் கிடையாது. கிணற்றுக்குப் பத்தடி முன்னால் இரண்டு கல். அதுதான் கீழ்க் கோல்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். கீழ்க் கோலை நோக்கி ஓங்கி அடித்தால் பந்து எங்கே போகும்? கிணற்றுக்கு. மேல் கோலை நோக்கி ஓங்கி அடித்தால்? கோயில் சுவரில் மோதி, திரும்பி, சரிவில் உருண்டு, வேகம் பிடித்து... அதே கிணற்றுக்கு.

நனைந்த லெதர் பந்து பூசணிக்காய் மாதிரி கனக்கும். பிளாடரைக் கழற்றி, தோலைக் காயவைத்து, திரும்பக் கயிறு கட்டி முடிக்க இரண்டு நாள் ஆகும். அதுவரை ஆட்டம் கிடையாது. அடித்தவனை ஊரில் ஒருத்தனும் சேர்க்கமாட்டான். இது போதாதென்று, அடித்தவன்தான் கிணற்றில் இறங்கிப் பந்தை எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு மேலே ஏறினால் அங்கே மாட்டுச் சாட்டையோடு ஒருவர் நிற்பார்.

"குடிக்கற தண்ணியிலயாடா ஆட்டம் ஆடறீங்க?"

அவர் மாதையனின் அப்பா. கிணறு அவர்களுடையது. பந்தை யார் அடித்திருந்தாலும் மாதையனுக்கு வீட்டில் தனியாக ஒரு ரவுண்டு உண்டு.

இப்படி வளர்ந்தவன் எப்படி ஆடுவான்? பந்தைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வான். இவன் அவனுக்குத் தள்ளுவான், அவன் இவனுக்குத் தள்ளுவான். கோல்கீப்பர் அலுத்துப்போய் இடுப்பில் கை வைக்கிறபோது உள்ளங்காலால் மெதுவாக உருட்டிக் கோட்டைத் தாண்ட வைப்போம். பந்து என்பது உதைப்பதற்கு என்ற விஷயமே எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

எழுபதோ, எழுபத்தொன்றோ... தர்மபுரியில் ஒரு டோர்னமென்ட். பெங்களூரில் ஒரு பெரிய தொழிற்சாலையின் டீமுக்கு ஆள் தேடி அதன் கோச் வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்தவர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். நானும் மாதையனும் எங்களுக்குள்ளேயே பந்தைத் தள்ளிக்கொண்டிருந்ததை அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தாராம். எதிர் டீம்காரன் பந்தைத் தொடவே முடியவில்லை. அந்த மேட்சில் நாங்கள் தோற்றோம் என்பது வேறு விஷயம்.

"இந்த மாதிரி பால் கண்ட்ரோல் நான் பாத்ததே இல்லை. யாருப்பா உங்களுக்குக் கத்துக்குடுத்தது?" என்று கேட்டார்.

"நாங்களாவே கத்துக்கிட்டதுங்க சார்" என்றேன். கிணற்றைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டு பேரையும் டெம்பரரியாக எடுத்துக்கொண்டார்கள். காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஸ்டோர்ஸில் வேலை. ஒரே ரூமில் தங்கினோம். சோறு அவன் பொங்குவான், குழம்பு நான் வைப்பேன். வாழ்க்கையில் முதல் தடவையாக பூட்ஸ் போட்டோம். ஒரு வாரத்துக்கு இரண்டு பேரும் சுடுமணலில் நடப்பவர்கள் மாதிரி நடந்தோம். மைதானம் வேறு தட்டையாக இருந்தது. பந்து தானாக உருளாத ஒரு மைதானத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் ஃபார்வர்டு. அதாவது, கோல் அடிப்பதுதான் என் உத்தியோகம். பாதி சீசன் வரை கோச், "அவசரப்படமாட்டான், ஆட்டத்தைப் படிக்கிறான்" என்று என்னைப் பற்றி மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். மீதிப் பாதியில் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டு, கோட்டுக்கு வெளியே நின்று "ஹொடி... ஹொடி" என்று கத்த ஆரம்பித்தார். கன்னடத்தில் 'அடி' என்று அர்த்தம். அர்த்தம் தெரிந்து என்ன? என் காலுக்குக் கன்னடமும் புரியவில்லை, தமிழும் புரியவில்லை.

சீசன் முடியப்போகிற நேரத்தில் ஒரு செய்தி கசிந்தது. டெம்பரரியாக இருக்கும் எங்கள் இரண்டு பேரில் ஒருவரைத்தான் பர்மனென்ட் ஆக்குவார்களாம். கடைசி மேட்சைப் பார்த்துத்தான் முடிவாம்.

மாதையனின் அப்பா அதற்கு முந்தின வருடம்தான் இறந்திருந்தார். மழை இல்லை, கிணறு வறண்டுவிட்டது. வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். அவன் அனுப்புகிறதில்தான் அடுப்பு எரிந்தது.

எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. கடத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்திருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பவே பிடித்திருந்தது. பெண்ணின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பர்மனென்ட் ஆவட்டுங்க. மறு வாரமே ஓலை வாசிச்சுரலாம்." கல்யாணத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அறிவிப்பதற்கு எங்களில் ஓலை வாசிப்பது என்று பெயர். அதே பெண்ணைச் சித்தேரி மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரும் கேட்டிருந்தார். அரசாங்க உத்தியோகம். நல்ல உயரம். கையெழுத்துகூட அழகாக இருக்குமாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்த வாரம் முழுக்க ரூமில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவன் சோறு பொங்கினான். நான் குழம்பு வைத்தேன். அவ்வளவுதான்.

கடைசி லீக் மேட்ச். இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது பந்து என்னிடம் வந்தது. ஒருத்தனைத் தாண்டினேன். இன்னொருத்தனையும் தாண்டினேன். கோல்கீப்பர் பாய்ந்து வந்து, வழுக்கி, குப்புற விழுந்தார். எனக்கு முன்னால் பத்தடியில் கோல், காலியாக. அதில் ஒரு எருமை மாட்டையே ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

கோச் தொண்டை கிழிய "ஹொடி" என்கிறார்.

என் கால் நின்றுவிட்டது. கோலுக்குப் பின்னால் வலை இருக்கிறது, கிணறு இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது... காலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மாதையன் ஓடி வந்தான். அவனிடம் தள்ளிவிட்டேன். அவன் காலில் பட்டுப் பந்து உள்ளே போனது.

அந்த நொடியில் அவன் தங்கைகள் என் நினைவுக்கு வந்தார்களா? இல்லை. அவன் அப்பா நினைவுக்கு வந்தாரா? வந்தார்... சாட்டையோடு.

மாதையனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். வேலை அவனுக்குப் போனது. எனக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஓசூர் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியும் அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து, "எந்த ஊருங்க தம்பி, எப்ப எடுக்கறாங்க?" என்று விசாரித்தார்.

கடத்தூர்ப் பக்கம் தலைகாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மாதையன் லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறான். பெண்ணின் அப்பாவிடம் உட்கார்ந்து, நான் செய்த தியாகத்தை ஒரு மணி நேரம் சொல்லியிருக்கிறான். பெரியவர் மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சிநேகிதனுக்காக வேலையையே விட்டுக் குடுத்தியாமே, நெசமா தம்பி?"

சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை... 'இல்லீங்க.' வாயைத் திறந்தால் பெண் சித்தேரிக்குப் போய்விடும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலை குனிகிற பழக்கம் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

"வேலை எப்ப வேணா கெடைக்கும். இந்த மனசு எவனுக்கு இருக்குது?" என்றார் பெரியவர். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். ஆரோக்கியமேரி என் வீட்டுக்கு வந்தாள்.

அப்புறம் சேலத்தில் ஒரு நூற்பாலையில் கிளார்க் வேலை கிடைத்தது. மில் டீமில் நான்கு சீசன் ஆடினேன், முழங்கால் போகும்வரை. அங்கேயும் ஃபார்வர்டுதான். அடித்த கோல்கள்? சைபர். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என்னைத் 'தன்னலமற்ற ஆட்டக்காரர்' என்று எழுதியது. அந்தத் துண்டை மனைவி கத்தரித்து பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

நம் மேல் ஒரு பழி விழுந்தால் என்ன செய்கிறோம்? ராத்திரியோடு ராத்திரியாகப் பத்துப் பேருக்கு போன் போட்டு விளக்கம் சொல்கிறோம். அட்ரஸ் தப்பி ஒரு புகழ் வந்து சேர்ந்தால்? 'சரி, வந்தது வந்துவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும்' என்று உள்ளே எடுத்து வைத்துக்கொள்கிறோம். என் வீட்டில் அப்படி ஒன்று ஐம்பது வருடமாக இருக்கிறது.

ஆனால் போன ஞாயிறு அந்தத் தங்கை என் கையைப் பிடித்துக் கண் கலங்கினாரே... அது தாங்க முடியவில்லை. பந்தியில் மாதையன் எனக்கு இந்தப் பக்கம், ஆரோக்கியமேரி அந்தப் பக்கம். சொல்லிவிட்டேன்.

"மாதையா, அன்னிக்கு நான் தியாகம் எதுவும் பண்ணலைடா. அடிக்க பயம். கால் வரலை. அதான் உன்னுகிட்ட தள்ளிட்டேன்."

ஒப்புட்டை, அதாவது போளியை, பிட்டுக்கொண்டிருந்த அவன் கை அப்படியே நின்றது. என்னையே பார்த்தான். அடிப்பானோ என்றுகூட நினைத்தேன்.

"நெசமாவா?"

"நெசம்டா."

கையிலிருந்த துண்டை இலையில் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "நான் மட்டும் அடிச்சேன்னா நெனக்கற? பந்து வந்ததும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உன்னுகிட்டயே திருப்பித் தள்ளலாம்னுதான் காலை வெச்சேன். பாழாப்போன பூட்ஸு... பந்து வழுக்கி உள்ள பூடுச்சு."

"டேய்..."

"வெளிய சொன்னா வேலையைப் புடுங்கிருவாங்கன்னு பயம். ரிட்டயர் ஆனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஊரே என்னை கோல் அடிச்சவன்னு கூப்புட ஆரம்பிச்சுருச்சு. உனக்கும் பொண்ணு பாத்திருந்தாங்களே, அதுக்காகத் திருப்பித் தரப் பாத்தேன்னு வேணா சொல்லிக்கலாம். ஆனா நெசம் அதில்லை, பயந்தான்."

இரண்டு கிழவர்களும் இலைக்கு முன்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எனக்கும்தான். ஐம்பது வருடமாக ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், காலிக் கோலுக்கு முன்னால் பந்தைத் தள்ளி விளையாடிய இரண்டு பயந்தாங்கொள்ளிகள். மனசு லேசானது.

அப்போதுதான் ஆரோக்கியமேரி சாப்பிடுவதை நிறுத்தியிருப்பதைக் கவனித்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏங்கண்ணா," என்றாள் மாதையனிடம், என் பக்கம் திரும்பாமலே. "எங்கப்பா வந்து கேட்ட அன்னிக்கு உங்க ரெண்டு பேருல ஒருத்தராச்சும் நெசத்தைச் சொல்லியிருந்தா, நான் அந்த சித்தேரி வாத்தியாரைக் கட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பனே."

சொல்லிவிட்டு, ரசம் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு நிதானமாகச் சாதத்தில் குழி செய்தாள்.

எங்கள் மூன்று பேரில், குறி பார்த்து கோல் அடித்தது அவள் ஒருத்திதான்.