ராசா தண்ணீர் குடிக்க வேண்டும்

உள்ளறையில் கிண்ணம் கவிழ்ந்து உருளும் சத்தம் கேட்டது. நாயை அடைத்திருந்த அந்த அறையைப் பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

வாசலில் நின்ற எத்திராஜ் காதைத் தீட்டிக்கொண்டார். "இன்னா பவுனு, தண்ணிய கவுத்துடுச்சா?"

"கால் பட்டுகீது மாமா. வேற ஒண்ணும் இல்ல."

"வெறி புடிச்ச நாய்க்குத்தான் தண்ணியக் கண்டா ஆவாது. என் தம்பி குமாரவேலு கெண்டக்கால அது புடுங்கினதுலேர்ந்து ஒரு சொட்டாவது குடிச்சுதா? உள்ளதச் சொல்லு."

பவுனம்மாள் உள்ளறை வாயிலை மறித்துக்கொண்டு நின்றாள். முந்தாநாள் குமாரவேல் கடலிலிருந்து திரும்பும் வழியில் நெருப்புக் கேட்டு இவள் வீட்டு வாசலில் நின்றான். நாய் பாய்ந்து கடித்துவிட்டது. நாயை உள்ளே அடைத்து வைக்கச் சொன்னது காசிமேட்டுக் குப்பத்துப் பஞ்சாயத்து. பெரியவர் எத்திராஜ் கண்முன்னால் அது தண்ணீர் குடித்தால் பிழைத்தது. குடிக்காவிட்டால் சந்து முனையில் தடியோடு உட்கார்ந்திருக்கும் ஆட்கள் அதை முடித்துவிடுவார்கள். அன்று அடைத்ததிலிருந்து அது தண்ணீரைத் தொடவில்லை. நிஜமாகவே வெறிதானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகம்தான் அவளை அதிகமாகக் கொன்றது.

நாய் அவளுக்குக் கிடைத்தது, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கோடையில். பவுனம்மாள் வழக்கமாக மீன் கொடுக்கும் ராயபுரத்து பங்களாவும் பூட்டிக் கிடந்தது. கூடையோடு திரும்பப் போனவளின் காதில், கொல்லைப்புறத்திலிருந்து முனகல் விழுந்தது. சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தாள். குழாயடித் தூணில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் ரயிலேறியிருந்தார்கள். இழுத்து இழுத்துக் கயிறு கழுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. மீன் அரியும் கத்தியால் அறுத்தாள். அறுக்கும்போது அது கடிக்கவில்லை. அவள் மணிக்கட்டில் மோவாயை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த ஒரு நிமிஷத்தில் அவள் அதற்குத் தாயாகிவிட்டாள்.

ராசா என்று பெயர் வைத்தாள். தன் வீட்டுக் கொல்லையிலேயே வைத்து, மஞ்சள் பூசிப் புண்ணை ஆற்றினாள். முதலில் மீன்தலையை எட்ட வைத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். பிறகு அருகில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அது அவள் உள்ளங்கையிலிருந்தே தின்றது. அன்று அவள் அழுத அழுகையை, புருஷன் போன அன்றுகூடக் குப்பம் பார்த்ததில்லை.

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று எத்திராஜ் உள்ளறை நிலைவரை வந்தார். கரை சேர்ந்ததும் கட்டுமரத்தைப் பிரித்து மரங்களைக் காயப்போட்டுவிட்டு, அவற்றைப் பிணைத்த கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வருவது கடலோடிகளின் வழக்கம். அவர் தோளிலும் ஈரக் கயிறு கிடந்தது. அவரைப் பார்த்ததும் ராசா ஊளையிட்டு, மூலைச் சுவரோடு ஒட்டி, நின்ற இடத்திலேயே நீர் விட்டது.

"பாத்தியா? இது வெறிதான். பேஜாரு பண்ணாம வுடு பவுனு. புள்ளைங்க ஓடற சந்து இது."

"மாமா, உங்க கால்ல வுயறேன். ஒரே ஒரு தபா. நான் குடுத்துப் பாக்கறேன். நீங்க வாசலாண்ட குந்துங்க."

எத்திராஜ் பெருமூச்சு விட்டார். ஈரக் கயிற்றை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். "எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் மெதுவாக.

பவுனம்மாள் கிண்ணத்தை நிரப்பித் தரையில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ராசா, வாடா கண்ணு. ஆத்தா கீறேன் இல்ல." நாயின் நாக்கு வறண்டு தொங்கியது. ஒரு அடி வைத்தது, நின்றது. உடம்பு முழுவதும் உதறியது. அதன் கண் தண்ணீரில் இல்லை. அவள் முகத்திலும் இல்லை. அவள் தலைக்கு மேல், சுவரில் எதையோ பார்த்தது.

திரும்பிப் பார்த்தாள். ஆணியில் புருஷன் ரகுபதியின் கயிறு.

அவள் புருஷன் கடைசியாகக் கடலுக்குப் போனது எத்திராஜின் கட்டுமரத்தில். புயலில் எத்திராஜ் ஒற்றை மரத்தைப் பிடித்துக் கரையேறினார்; ரகுபதி வரவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. அவன் சொந்த மரத்தின் கயிறு மட்டும் வீட்டில் தங்கியது. தினமும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கூடையைத் தூக்குவாள். அவன் வருவான் என்ற நம்பிக்கையில்தான் கழுத்தில் தாலியும் இன்னும் இருந்தது.

குமாரவேல் தோளில் கயிறு. எத்திராஜ் தோளில் கயிறு. இங்கே தலைக்கு மேல் கயிறு. கயிறில்லாத வீடே இல்லாத குப்பத்தில் பிறந்தவளுக்கு, அது ஒரு பொருளாகக் கண்ணில் பட்டதே இல்லை. பாவி, பயந்த உயிரைக் கொண்டுவந்து அதன் அடியிலேயே அடைத்து வைத்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

எழுந்தாள். கை ஆணிவரை போய் நின்றது. இறக்கிவிட்டால் அவன் வரமாட்டான் என்று நானே சொன்னதாகிவிடாதா? பின்னால் நாய் மூச்சு வாங்கும் சத்தம்.

இறக்கினாள். மார்போடு அணைத்துப் புடவையில் மூடிக்கொண்டு, அறையைக் கடந்து வாசலுக்கு வந்துவிட்டாள்.

எத்திராஜின் பார்வை உள்ளே இருந்தது. நீண்ட நேரம் எதுவும் நடக்கவில்லை. பவுனம்மாள் கயிற்றுக்குள் விரல்களைப் புதைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் நின்றாள். ராசா மூலையை விட்டு வந்து வெற்று ஆணியை நிமிர்ந்து பார்த்தது. கிண்ணத்துக்குத் தலையைத் தாழ்த்தியது.

"குடிக்குது" என்றார் எத்திராஜ். "அடங்கொப்புரானே, மொத்தத்தையும் குடிக்குது."

"கயித்தக் கண்டுதான் மாமா பயந்துகீது. கட்டிப் போட்டுட்டுப் போனாங்களே, அந்த பயம்."

"அப்ப குமாரவேலாண்ட சொல்லி வைக்கறேன். இந்தப் பக்கம் வந்தா கயித்த வூட்ல வெச்சுட்டு வரட்டும். திட்டுவான். திட்டிட்டுப் போறான்." எழுந்தவர் அவள் கையைப் பார்த்தார். "இத இன்னா பண்ணப் போற?"

"உள்ள வெக்க முடியாது. தெருவுல போட மனசு வரல."

அவர் தோளைக் காட்டினார். "என் வூட்ல கெடக்கட்டும். என் மரத்துலதான போனான்? வந்தா என்னாண்டதான் வந்து கேக்கணும்."

பவுனம்மாள் கயிற்றைக் கண்ணில் ஒற்றி அவர் தோளில் போட்டாள். எத்திராஜ் படியிறங்கி, சந்து முனையில் இருந்த ஆட்களைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்துக்கொண்டே நடந்தார். கயிறு போவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. கதவைச் சாத்தினாள்.